புங்கந்தழை

சென்னை,
4-6-1973

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தம்பி ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. இங்கு நான் சுகமாயிருக்கிறேன். தாங்களும் பாக்கியமேரியும் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவருவது தாங்கள் அறிந்ததே. மழை வெள்ளத்தில் சாலைகளும் தரைப்பாலங்களும் எப்படிப் பழுதாகின்றன, அந்த ஆபத்தை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது, அடிபட்ட ஊர்கள் எப்படித் தாங்கி எழுகின்றன என்பதுதான் பொருள். தர்மபுரி மாவட்டத்தில் பன்னிரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் இன்னாசிகொட்டாய் அதில் ஒன்று. 1971 நவம்பரில் உப்போடையில் வந்த வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு விவரம் தேவைப்படுகிறது.

நாற்பது கேள்வித்தாள்கள் தனிப் பார்சலில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு கேள்விகள். தாங்கள் ஊர்ப் பள்ளியின் ஆசிரியை என்பதால் ஊரார் தங்களிடம் தயங்காமல் பேசுவார்கள். பதில்களைக் கேட்டு எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

இன்னொன்று. 1968இல் உப்போடையில் தரைப்பாலம் திறந்தபோது நான் கொடுத்த அளவு நோட்டும் வேண்டும். பாலத்தின் தலைப்பில் நட்ட அளவுக்கல்லைப் பார்த்து, பாலத்தின்மேல் ஓடும் தண்ணீர் எத்தனை அடி என்று தினமும் காலை மாலை தாங்கள் குறித்துவந்தீர்கள். அப்படி ஒரு நோட்டு இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் கிடையாது.

வேலை மிகுதியால் மே மாதம் ஊருக்கு வர இயலவில்லை. பாக்கியமேரிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
இன்னாசிகொட்டாய்,
19-6-1973

தம்பி ஸ்தனிஸ்லாசுக்கு அக்கா லூர்தம்மாள் எழுதிக்கொண்டது.

நானும் என் மகளும் உயிரோடிருக்கிறோம். தைலம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

என்றைக்கிலிருந்து நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? அம்மா போனபின் உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். பட்டணத்து மரியாதையைப் பட்டணத்திலேயே வைத்துக்கொள். கடிதத்தின் தலைப்பில் ஆண்டவர் பெயரைப் போடுகிற வழக்கமும் உன்னைவிட்டுப் போய்விட்டது போலிருக்கிறது.

கேள்வித்தாளைப் படித்தேன். மூன்றாம் கேள்வி, வெள்ளத்துக்கு முன் தங்கள் குடும்பத்தில் எத்தனை பேர். நான்காம் கேள்வி, வெள்ளத்துக்குப் பின் எத்தனை பேர். மூன்றில் ஒன்று போனால் இரண்டு என்று என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லும். இதற்கு ஒரு டாக்டர் பட்டமா? ஒன்பதாம் கேள்வியில், தங்கள் இழப்பு எது என்று கேட்டு, வீடு, கால்நடை, தானியம், மற்றவை என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறாய். உன் மச்சானை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. 'மற்றவை'யில் எழுதியிருக்கிறேன்.

வேலை மிகுதி என்கிறாய். சவரி செத்தபோதும் உனக்கு வேலை மிகுதிதான். ஒன்பதாம் நாள் வந்தாய். வந்தவன் வீட்டுக்கு வந்தாயா? நேரே ஓடைக்குப் போய் உன் கல் விழாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசல் மிதித்தாய். ஊரே அதைப் பார்த்தது.

இருந்தாலும் ஊருக்காக நாற்பது தாளையும் எழுதி முடித்து அனுப்புகிறேன். நோட்டு கிடைக்காது.

இப்படிக்கு,
சவரியின் மனைவி
லூர்தம்மாள்


சென்னை,
2-7-1973

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் குழந்தையும் சுகமென்று உன் கடிதத்தின் சூட்டிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

நீ திட்டியதை எல்லாம் வாங்கிக்கொள்கிறேன். கேள்விகளை நான் மட்டும் தயாரிக்கவில்லை, என் பேராசிரியர் பார்த்துத் திருத்தியவை. தாள்கள் வந்து சேர்ந்தன. நன்றி.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. பதினான்காம் கேள்விக்கு நாற்பது வீட்டாரும் பதில் சொல்லவில்லை. 'வெள்ளம் வருமுன் எச்சரிக்கை ஏதேனும் கிடைத்ததா?' என்பதுதான் அது. உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய கேள்வி. மற்ற பதினோரு ஊர்களில் யாரும் இதை விடவில்லை. நம் ஊரில் மட்டும் நாற்பது கட்டமும் வெற்றாக இருக்கிறது. நீ கேட்க மறந்தாயா?

முன்பெல்லாம் சித்தேரி மலையில் மழை கொட்டினால் அங்கே குடியிருக்கும் தீர்த்தன் குறுக்குப் பாதையில் ஓடிவந்து கரைக் கம்பத்தில் புங்கந்தழை கட்டிவிட்டுப் போவார். ஓடை மலையைச் சுற்றிக்கொண்டு வர இரண்டரை மணி நேரம் ஆகும், அவர் ஒன்றரை மணியில் வந்துவிடுவார். தழையை அவர் வந்து அவிழ்க்கும்வரை யாரும் ஓடையில் இறங்கமாட்டார்கள். பாலம் வந்தபின் அந்த வழக்கம் தானாகவே நின்றுபோனது. எனவே 1971இல் எச்சரிக்கை எதுவும் இல்லை என்று நானே நிரப்பிக்கொள்ளலாமா? ஒரு கார்டில் பதில் போட்டால் போதும்.

உன் தம்பி
ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
இன்னாசிகொட்டாய்,
20-7-1973

ஸ்தனிஸ்லாசுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

சவுரியப்பன் மகன் சென்னையில் படிக்கிறான் அல்லவா, விடுமுறைக்கு வந்தவன் உன் கல்லூரி மலரைக் கொண்டுவந்து காட்டினான். மாமா பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று பாக்கியமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆங்கிலம் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். உன் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில், 'இன்னாசிகொட்டாயில் நேர்ந்த மூன்று சாவுகளுக்கும் வண்டிக்காரரின் அவசரமும் அஜாக்கிரதையுமே காரணம்' என்று இருக்கிறது. சவுரியப்பன் மகன்தான் அதற்குத் தமிழில் பொருள் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே தலை நிமிரவில்லை.

குழந்தை என்னைக் கேட்டாள், "அம்மா, அப்பாவாலதான் கருப்பண்ணன் மாமாவும் மாதம்மாளும் செத்தாங்களா?" என்று. அவளுக்கு வயது பன்னிரண்டு. நீ போய் அவளுக்குப் பதில் சொல்.

சோறு போட்ட மனிதனை நீ அச்சுப் போட்டுத் தூற்றியிருக்கிறாய். நீ பி.இ. படிக்கும்போது ஒவ்வொரு முறையும் பொம்மிடி ஸ்டேஷனுக்கு வண்டி பூட்டிக்கொண்டு வந்து உன் பெட்டியைத் தூக்கியவன் அவன்தான்.

அந்த வரி உன் பட்டத்துக்கான புத்தகத்தில் வரக்கூடாது. வந்தால் எனக்குத் தம்பி இல்லை.

நான் கேட்க மறக்கவில்லை.

இப்படிக்கு,
சவரியின் மனைவி
லூர்தம்மாள்


சென்னை,
11-8-1973

அக்காவுக்கு,

சுகம். சுகமறிய ஆவல் என்று எழுத எனக்கும் பயமாக இருக்கிறது.

அந்த வரி என் சொந்தச் சரக்கு அல்ல. விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணையில் எழுதப்பட்டதை எடுத்துக் காட்டினேன். பாக்கியமேரி படிப்பாள் என்று நான் நினைக்கவில்லை, அதற்காக வருந்துகிறேன். ஆனால் நீயும் நெஞ்சில் கைவைத்துச் சொல். மச்சான் அவசரக்காரர் இல்லையா? ஓடும் ரயிலிலிருந்து பொம்மிடியில் குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர் யார்? மழை இருட்டிக்கொண்டு வரும்போது கடலை மூட்டைகளோடு வண்டியை ஓடையில் இறக்கியதை வேறு எப்படிச் சொல்வது?

ஆராய்ச்சியில் அக்கா தம்பி கிடையாது. ஆதாரம் காட்டினால் மாற்றுவேன். வண்டி இறங்கும்போது கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்பதுதான் கேள்வி. இரண்டு அடிக்குக் கீழே இருந்தால் கடக்கலாம் என்பது விதி. அதற்குக் கீழே இருந்திருந்தால் மச்சான் மேல் குற்றம் இல்லை. அதற்கு மேலே இருந்திருந்தால் விசாரணையில் சொன்னது சரி. அன்று மாலை அளவு எடுத்தது நீ. நோட்டை அனுப்பு. நோட்டை அனுப்பாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கும்.

டிசம்பரில் நூலைக் கொடுக்க வேண்டும். அதற்குள் முடிவு செய்.

ஸ்தனிஸ்லாஸ்


இன்னாசிகொட்டாய்,
20-8-1973

சுகம். நோட்டு இல்லை. கரையான் தின்றுவிட்டது.

லூர்தம்மாள்


சென்னை,
9-10-1973

அக்காவுக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் சுகமாக இல்லை.

சென்ற வாரம் பொம்மிடியில் இறங்கினேன். நம் ஊர் வழியாகப் போகாமல் அடுத்த பக்கத்திலிருந்து சித்தேரி மலையேறினேன். வீட்டுக்கு வராததற்கு நீ கோபப்பட மாட்டாய் என்று தெரியும். தீர்த்தன் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவர் மனைவி ராமக்கா களி கிண்டிக் கொடுத்தார். தீர்த்தன் முதல் நாள் முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்த்தார். சாமைக் காட்டில் காவலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். இரண்டாம் நாள் கிளம்பும்போது, 71இல் மலையில் மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மழ எப்ப வந்துச்சுன்னு ஏங் கேக்கற? அன்னிக்குந் தழ கட்டுனேன். கம்பத்தத்தான் புடுங்கிட்டீங்களே, அந்தக் கல்லுலயே கட்டுனேன். உங்க அக்கா நோட்டோட வந்துது. பாத்துது. அதுகிட்டப் போயிக் கேளு."

அக்கா, நாற்பது வீடும் பதினான்காம் கேள்வியை ஏன் விட்டது என்று இப்போது தெரிகிறது. எச்சரிக்கை இருந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது. நீயும் பார்த்தாய். பார்த்தும் என்னிடம் மறைத்தாய். கரையான் கதை வேறு. இரண்டு வருடமாக என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நீ நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

என் முடிவு இப்போது இன்னும் உறுதியாகிறது. எச்சரித்தும் கேளாமல் வண்டி இறங்கியது. விசாரணையில் எழுதியதைவிடக் கடுமையாகவே நான் எழுத வேண்டியிருக்கும். நீ சொல்ல ஏதாவது இருந்தால் நவம்பருக்குள் சொல்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
இன்னாசிகொட்டாய்,
3-11-1973

ஸ்தனிஸ்லாசுக்கு லூர்தம்மாள் எழுதிக்கொண்டது.

நேற்று கல்லறைத் திருநாள். உன் மச்சான் குழிக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு ஆதாரம்தானே வேண்டும்? எடுத்துக்கொள்.

முதலில் நீ விட்டதை நான் எழுதுகிறேன். தழை கட்டும் வழக்கம் 'தானாகவே நின்றுபோனது' என்று எழுதினாயே, அந்த வார்த்தையைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. 1968 டிசம்பர் 3, சவேரியார் திருவிழா. அன்றுதான் பாலம் திறந்தார்கள். நம் தாத்தா காலத்திலிருந்து திருவிழா அசனப் பந்தியில் முதல் இலை யாருக்கு? சாமியாருக்குக்கூட இல்லை, தழை கட்டுகிற வீட்டுக்குத்தான். தீர்த்தன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வழக்கம்போல் முதல் இடத்தில் உட்கார்ந்தார். நீ வந்து அவரை எழுப்பினாய். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரியை அங்கே உட்கார வைத்தாய். நீ அப்போது பாலம் கட்டியவர்களிடம் பயிற்சி மாணவன், உன் கையில் சுண்ணாம்பும் கறுப்பு மையும் காயவில்லை, அந்தக் கல்லில் கோடு போட்டதே நீதான். அப்புறம் மைக்கில் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. "இனிமே மலையிலருந்து யாரும் ஓடி வர வேண்டாங்க. தழையப் பாத்துப் பயந்த காலம் போச்சு. கல்லு சொல்லும், நம்ம கேட்டா போதும்." ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். என் தம்பி படித்தவன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தீர்த்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் கம்பத்தைப் பிடுங்கி அந்தக் குழியிலேயே உன் கல்லை நட்டீர்கள்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

71 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பள்ளி விட்டு நோட்டோடு ஓடைக்குப் போனேன். நம் ஊரில் தூறல்கூட இல்லை. மலைப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. கல்லின் உச்சியில் புங்கந்தழை கட்டியிருந்தது. புதுத் தழை, நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் தீர்த்தன் நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு. மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். வந்தவரை வாங்க என்று கேட்க வேண்டாமா? கேட்க வெட்கமாக இருந்தது. என்ன முகத்தோடு கேட்பேன்? நோட்டில் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் போய்விட்டார்.

உன் மச்சான் வண்டியோடு வந்தார். கருப்பண்ணனும் மாதம்மாளும் பொம்மிடி சந்தைக்கென்று ஏறியிருந்தார்கள். மாட்டை நிறுத்திவிட்டு அவர் சொன்னார், "தழ கட்டியிருக்குது புள்ள. நாளைக்குப் போலாம்." நீ அவசரக்காரன் என்று அச்சடித்தாயே, அந்த மனிதன் சொன்ன வார்த்தை இது. நாளைக்குப் போகலாம்.

நான் கல்லைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு அடிக் கோட்டில் நின்றது. தழைக்குக் கீழே நீ போட்ட கோடு. சொன்னேன், "ஒரு அடிதானுங்க. கல்லு பொய் சொல்லாது. தம்பி அவ்வளவு படிச்சவன், அவன் சொன்னத நம்பாம தழைய நம்பறீங்களா? போயிட்டு வாங்க." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்காகத்தான் இறங்கினார். நடுப்பாலத்தில் வண்டி இருக்கும்போது தண்ணீர் வந்தது. மரமும் கல்லுமாக வந்தது. நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கல் பொய் சொல்லவில்லை. இருந்த தண்ணீரைச் சொன்னது. வருகிற தண்ணீரைச் சொல்ல அதற்கு ஏது வாய்?

கேள்வித்தாளை நிரப்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் பதினான்காம் கேள்வி வந்ததும் பேச்சு நின்றது. "அத எழுதாதீங்க டீச்சரம்மா" என்று கருப்பண்ணனின் மனைவி சொன்னாள். தன் புருஷனை அனுப்பியது யார் என்று தெரிந்தவள் சொன்னாள். அடிபட்ட ஊர் எப்படித் தாங்குகிறது என்று கேட்கிறாயே, இப்படித்தான் தாங்குகிறது. எனக்காக நாற்பது வீடு வாயை மூடிக்கொண்டது. உன் இருபத்திரண்டு கேள்வியில் இதைக் கேட்க ஒரு கேள்வி இல்லை.

நோட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். கடைசி வரியைப் பார். 12-11-1971, மாலை, ஒரு அடி. பதினான்காம் கேள்விக்கு என் பதில், உண்டு. தழை கட்டியிருந்தது. சவரி நம்பினான். அவன் பெண்டாட்டி நம்பவில்லை. என் பெயரைப் போட்டு எழுது, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அந்தத் தழையை நம்பாதே என்று மைக்கில் சொன்னவன் பெயரையும் போடு. அதற்கு உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

லூர்தம்மாள்


சென்னை,
28-1-1974

அக்காவுக்கு,

நீயும் பாக்கியமேரியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் எழுத முடியவில்லை என்பதுதான். பல தாள் கிழித்தேன்.

மச்சானைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். கல்லூரி மலருக்கும் திருத்தம் கொடுத்திருக்கிறேன், அடுத்த இதழில் வரும். இன்னாசிகொட்டாய் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். பாலத்தில் உயிர் போன காரணம் பாலம் பலவீனமானது என்பது அல்ல, ஊரில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்த எச்சரிக்கையைப் பாலத்தோடு வந்தவன் பிடுங்கிப் போட்டான் என்பதுதான் என்று எழுதினேன். பிடுங்கியவன் இந்த ஆராய்ச்சியைச் செய்பவனே என்றும் எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை. நீ நம்பியது என்னை, அதனால் அந்தப் பிழையும் என் கணக்கில்தான்.

பேராசிரியர் படித்துவிட்டு, ஆராய்கிறவன் ஆராய்ச்சிக்குள் வரக்கூடாது, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். நூல் அவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எப்போது வெளியே வரும் என்று தெரியாது.

மலைக்குப் போனபோது நடந்த ஒன்றை அக்டோபர் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டேன். அத்தனை அவமானப்படுத்திய பிறகும் 71இல் ஏன் ஓடிவந்தீர்கள் என்று தீர்த்தனிடம் கேட்டேன். களிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ராமக்காதான் சொன்னார், "யாருக்கு மொத எல போட்டாங்கன்னு தண்ணிக்குத் தெரியுமா?" அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அவரை அவமானப்படுத்தியவன் நான் என்பதையும் எழுத வேண்டியிருக்கும், உன்மேல் பழி போட்டிருக்க முடியாது, அதனால்தான் விட்டேன்.

நோட்டைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அதில் பின்பக்கம் பாதிக்கு மேல் வெற்றாக இருக்கிறது.

ஸ்தனிஸ்லாஸ்


சென்னை,
14-8-1974

அக்காவுக்கு,

சுகம். ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. நோட்டு கிடைத்ததா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
இன்னாசிகொட்டாய்,
10-11-1974

ஸ்தனிஸ்லாசுக்கு,

நாங்கள் சுகம். கல்லூரி மலரில் திருத்தம் வந்ததைச் சவுரியப்பன் மகன் கொண்டுவந்து காட்டினான். பாக்கியமேரி அந்தத் தாளை வெட்டி அப்பா படத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறாள். அதற்காக உனக்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. தூற்றியவன் துடைத்தான், அவ்வளவுதான்.

பதில் எழுதாததற்குக் காரணம் எழுத நல்ல சேதி எதுவும் இல்லாததுதான். போன சவேரியார் திருவிழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைச் சித்தேரிக்கு அனுப்பித் தீர்த்தனை அழைத்தோம். வந்தார். முதல் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, நானே சோறு கொண்டுபோனேன். அவர் உட்காரவில்லை. இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த எலையக் கொண்டுபோயி அந்தக் கல்லுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டார். சோறு ஆறிப்போகும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. இனி அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு எதிர்க்கரைப் பிள்ளைகள் ஆறு பேரைப் பாலம்வரை கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் அரை அடி. பிள்ளைகளுக்கு முழங்கால்கூட நனையாது. கல்லின் உச்சியில் புங்கந்தழை கட்டியிருந்தது. கட்டியவர் யாரையும் காணோம். சேற்றில் காலடித் தடம் மட்டும் மலைப் பக்கம் போயிருந்தது.

பாலத்தின் தலைப்பில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மடங்காது, பாக்கியமேரிதான் பிடித்து உட்கார வைத்தாள். முனிராஜ் பால் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அரை அடித் தண்ணிக்கு இந்தக் கூத்தா, பால் திரிந்தால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டான். எதிர்க்கரையிலிருந்து பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பெயர் சொல்லி வைதார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கருப்பண்ணனின் மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து முனிராஜ் சைக்கிளை ஓரமாகச் சாய்த்தான்.

தண்ணீர் வரவில்லை. மழை மலைக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். பால் திரிந்துவிட்டது. பிள்ளைகள் ஆறு பேரும் நம் வீட்டில் தூங்கினார்கள். காலையில் போய்ப் பார்த்தால் தழையை யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன்பிறகுதான் பிள்ளைகளைக் கடக்கவிட்டேன். ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வருடம் திருவிழாவுக்கு வருவதானால் முதலில் மலையேறு, அவர் வா என்று சொன்னால் அப்புறம் இங்கே இறங்கு. சொல்லாவிட்டால் அப்படியே ரயிலேறிவிடு.

நோட்டு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அதில் எழுதினேன். நீ அதில் தேதி, நேரம், அடி என்று மூன்று கட்டம்தான் போட்டிருந்தாய். தழைக்குக் கட்டம் இல்லை. அடிமட்டம் வைத்து நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். உன் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டால் இதையும் சேர்த்துக்கொள்.

8-11-1974. மாலை. அரை அடி. தழை உண்டு. யாரும் கடக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா